ஆறப் பொறுத்த மூக்குகள்

1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மகசின்' என்னும் சஞ்சிகையில், ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதமொன்று இடம்பெற்றிருந்தது. எழுதியவர் தமது பெயரை வெளியிடவில்லை. கடிதத்தின் அடியில் 'பி.எல்.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே இருந்தன. கூடவே, நெற்றியில் தழும்புடைய இந்தியர் ஒருவரின் படமும் அச்சாகியிருந்தது. களஞ்சியம் என்று பொருள்படும் 'மகசின்' என்ற சொல்லைப் பருவ வெளியீடு ஒன்றுக்கு முதலில் சூட்டிக்கொண்ட ஏடு அதுதான். ஆண்டு 1731. ஆசிரியருக்குக் கடிதம் என்னும் பகுதியைப் பக்கம் நிரப்பும் சரக்காகவே கருதும் வழக்கம் பத்திரிகை அலுவலகங்களில் உண்டு. இந்தக் கடிதமோ ஐரோப்பாவின் சத்திரசிகிச்சை வரலாற்றையே திசை திருப்பியது.

கடிதம் சொல்லும் செய்தி இதுதான். கவஸ்ஜி என்பவர் ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். பெயர் பார்சிகளின் பெயர் போல ஒலித்தாலும், மராட்டிய உழவர் குலத்தவர் என்றே கடிதம் கூறுகின்றது. திப்பு சுல்தானுக்கு எதிராக 1792இல் நடந்த போரில் அவர் சிறைப்பட்டார். மைசூர்ப் படையினர் அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அரிந்து விரட்டிவிட்டனர். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மூக்கின்றியே வாழ்ந்த அவருக்கு, பூனா நகருக்கு அருகே செங்கல் சூளைத் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு வைத்துக் கொடுத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர்கள் இருவர் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்திருந்தனர்.

செய்முறை வருமாறு: மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து மூக்கின் வடிவமாக்குவார்கள். பிறகு அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு கீறுவார்கள். கோட்டுக்குள் அடங்கிய தோலை உரித்தெடுக்கும்போது, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பாலத்தின் வழியாகவே இரத்தம் ஓட வேண்டும். உரித்த தோலை அரைச் சுற்றாகத் திருப்பிக் கீழே இறக்கி, பழைய தழும்பைச் சீவிப் புண்ணாக்கிய விளிம்பில் பொருத்துவார்கள். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி அதன்மீது அடுக்குவார்கள்.

இந்தியரின் அறுவைத் திறனுக்குச் சான்றாகவே இக்கடிதத்தைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அது சரிதான். ஆயினும் கத்தியைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்ப்பவை கடிதத்தில் வரும் நாட்கணக்குகளே. காசுக்கட்டிக் கட்டு நான்கு நாட்களுக்கு. அதன் பின் நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரங்கள் சுருங்கிவிடாதபடி மெல்லிய துணித் துண்டுகளைச் செருக வேண்டும். கண்களுக்கு நடுவே விட்டுவைத்த தோற்பாலத்தை ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளிலேயே அறுக்க வேண்டும். முன்னதாக அறுத்தால் புதிய மூக்குக்கு இரத்தம் கிடைக்காமல் அது கறுத்து அழிந்துவிடும். நோயெதிர்ப்பு, கிருமி, குருதிக் கலன் என்றெல்லாம் படித்திராத ஒரு சூளைத் தொழிலாளி, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்து வைத்திருந்தார். புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலால் மூக்கமைக்கும் இன்றைய வைத்தியர்களும் பொதுவாக மூன்று வாரங்கள் கழித்தே அந்தப் பாலத்தை அறுக்கின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்கு அதிகம் மாறவில்லை.

இத்தகைய கைத்திறன் இந்த மண்ணில் வளர்ந்ததற்குக் காரணம் துயரமானது. மூக்கறுப்பு இங்கே தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் போர்முறையாகவும் இருந்தது. இலங்கையர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இராமாயணத்தில் இலங்கைக்கு வந்த போருக்கே வித்து சூர்ப்பணகையின் மூக்குத்தான். தமிழ்நாட்டு வரலாற்றில் 'மூக்கறுப்புப் போர்' என்ற பெயரிலேயே ஒரு போர் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர்ப் படை சத்தியமங்கலம் பகுதியில் புகுந்து, அகப்பட்டோரின் மூக்குகளை அரிந்து மைசூருக்கு அனுப்பிற்று. மதுரையைக் காக்க இரகுநாத சேதுபதியின் மறவர் படை வந்தது. மைசூரார் பின்வாங்கியபோது அதே தண்டனையை மதுரைப் படை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. வென்றவர் தோற்றவர் என்றில்லாமல் இருபுறமும் மூக்கிழந்த மனிதர்கள் எஞ்சினர். அவர்களுள் எத்தனை பேர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பர்? கல்வெட்டுகள் வெற்றிகளை மட்டுமே பாடுகின்றன.

நாட்கணக்கு என்னும் விடயம் சுசுருத சங்கிதையிலும் இருக்கின்றது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதே அளவுக்குக் கன்னத்துத் தசையை எடுத்து ஒட்டும் முறை அந்நூலில் கூறப்பட்டுள்ளது. மூச்சு விடுவதற்கு இரண்டு குழல்களை வைக்க வேண்டும் என்பதும் உண்டு. அதே அத்தியாயத்தில், குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில், நல்ல நாள் பார்த்துக் காது குத்த வேண்டும் என்ற விதியும் வருகின்றது. சத்திரசிகிச்சைக்கும் திதியும் நட்சத்திரமும் முகூர்த்தமும் பார்க்கச் சொல்கிறது அந்நூல். இதைப் படித்துச் சிரித்துவிட்டு நூலை மூடிவைப்பவர்கள் அடுத்த செய்தியைத் தவறவிடுவார்கள். பனிக்காலத்திலும் வசந்தத்திலும் மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டை அவிழ்க்க வேண்டும். கோடையிலும் மழையிலும் கூதிரிலும் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அவிழ்க்க வேண்டும். வெப்பமும் ஈரமும் புண்ணை விரைவில் கெடுக்கும் என்ற அனுபவ அறிவு இது. அதற்கும் ஒரு விலக்கு வைத்திருக்கின்றனர்: உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து நேரும்போது வைத்தியன் இந்த விதியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாகாது.

ஐரோப்பாவிலும் இக்கலை ஒருமுறை தளிர்த்துக் கருகியது. 15ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் பிராங்கா குடும்பத்தார் மூக்கமைத்துக் கொடுத்தனர். பின்னர் பொலோனியா நகரத்துப் பேராசிரியர் தாலியாகொட்சி, மேற்கையின் தோலைக் கொண்டு மூக்கமைப்பதை விளக்கி 1597இல் ஒரு நூல் வெளியிட்டார். கை, முகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட நிலையில் நோயாளி ஏறத்தாழ மூன்று வாரங்கள் கிடக்க வேண்டும். அதன் பின் அறுத்து, செதுக்கி, ஒழுங்காக்கி முடியப் பல மாதங்கள் செல்லும். மயக்க மருந்து இல்லாத காலம். தாலியாகொட்சி 1599இல் இறந்தபின் கலையும் மெல்ல மறைந்தது. அடிமையின் தசையால் வைத்த மூக்கு, அந்த அடிமை இறந்த நாளிலேயே அழுகி விழுந்ததாம் என்று கதை கட்டி நகைத்தார்கள்.

ஆகவேதான் 1794ஆம் ஆண்டுக் கடிதம் இலண்டன் வைத்தியர்களுக்குப் புதுமையாக இருந்தது. ஆயினும் ஜோசப் கார்ப்பியூ என்ற வைத்தியர் அம்முறையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கத்தி வைத்தது 1814 ஒக்டோபரில். இடையே சரியாக இருபது ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் அவர் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களிடம் விசாரித்தார், பிணங்களில் பயின்றார், ஏற்ற நோயாளி வரும்வரை பொறுத்தார். வந்தவர் ஓர் இராணுவ அதிகாரி. நோயொன்றுக்கு உட்கொண்ட பாதரச மருந்து அவருடைய மூக்கைத் தின்றிருந்தது. சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, அருகிலிருந்த சக அதிகாரி, ஆண்டவனை விளித்து, அங்கே உண்மையாகவே ஒரு மூக்கு இருக்கின்றதே என்று வியந்து கூவினாராம். கார்ப்பியூ இரண்டு நோயாளிகளின் விபரங்களை 1816இல் நூலாக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜேர்மனியரான கிரேஃபே எழுதிய நூலின் தலைப்பிலிருந்துதான் 'ரைனோபிளாஸ்டி' என்ற பெயரே பிறந்தது.

இதுவரை சொன்னவையெல்லாம் இழந்த மூக்கை மீட்ட கதை. இருக்கின்ற மூக்கு பிடிக்காமல் அதை மாற்றிக்கொள்ளும் கதை பிந்தியது. வலியை மறக்கச் செய்யும் ஈதர் 1846இலும், ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் கொக்கெயின் 1884இலும் மருத்துவத்துக்கு வந்த பின்னரே அது சாத்தியமாயிற்று. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் ஜோன் றோ என்ற வைத்தியர், வெளியே தழும்பு தெரியாதபடி மூக்கின் உள்ளிருந்தே அறுத்துத் திருத்தும் முறையை 1887இல் வெளியிட்டார். பேர்லினில் ஜக் ஜோசப் 1898இல் ஓர் இளைஞரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். அந்த இளைஞருக்கு நோய் ஏதுமில்லை. போகுமிடமெல்லாம் தம் மூக்கைப் பிறர் உற்றுப் பார்க்கின்றனர் என்பதால் வெளியே தலைகாட்ட அஞ்சியவர் அவர். மனத்தின் வேதனையும் சிகிச்சைக்குரிய வேதனையே என்று ஜோசப் வைத்தியர் சபையில் வாதாடினார். வறிய யூதர்கள் சிலருக்குக் கட்டணமின்றியே செய்தார் என்பர். அவரும் யூதர்தான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934 பெப்ரவரியில், அவர் காலமானார். மூக்கின் வடிவத்தை வைத்து மனிதரைத் தரம்பிரித்த காலம் அப்போது வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

இங்கேதான் நாள் குறிக்கும் சிக்கல் புதிய வடிவம் எடுக்கின்றது. கவஸ்ஜியின் மூக்குக்கு நாள் குறித்தவர்கள் பகைவர்கள். பேர்லின் இளைஞரின் சிகிச்சைக்கு நாள் குறித்தவர் அவரே. நோய் அவசரப்படுத்தாத சிகிச்சையில், அவசரம் வேறிடத்திலிருந்து வருகின்றது. திருமணம், பரீட்சை, புதிய உத்தியோகம், விடுமுறை முடியும் நாள் என்று மனிதர்கள் தம் நாட்காட்டியோடு வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். உடலுக்கோ வேறொரு நாட்காட்டி.

இதனை நன்கறிந்தவர் நியூசிலாந்தில் பிறந்த ஹரல்ட் கில்லீஸ். முதலாம் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த படையினருக்காக 1917இல் இலண்டனுக்கு அருகே சிட்கப்பில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் பணியாற்றியவர். மூக்கிழந்த இளம் லெப்டினன்ட் ஒருவருக்கு, விலாக் குருத்தெலும்பை நெற்றித் தோலின் கீழ்ப் புதைத்து, அது ஒட்டிக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பின்னர் கீழிறக்கினார். வந்த மூக்கு எறும்புதின்னியின் முகரையைப் போலப் பென்னம்பெரிதாக வீங்கி நின்றது. சக வைத்தியர்கள் சிரித்துவிட்டனர். கில்லீசுக்கே அதை வெட்டியெறியலாமா என்று தோன்றியது. ஆனால் வீக்கம் வடிய வடிய, நல்லதொரு மூக்கு வெளிப்பட்டது. அந்த அதிகாரி வைத்தியசாலையை விட்டு நீங்கியது 1920இல். இன்று செய்யவேண்டியதை நாளைக்குத் தள்ளாதே என்று நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். கில்லீஸ் தம் மாணவருக்கு அதைத் தலைகீழாக்கிச் சொன்னார்: தள்ளிப்போடக் கூடியதை இன்றே செய்யாதே. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை' என்ற நம் பழமொழியில் சோறும் ஆறுகின்றது, புண்ணும் ஆறுகின்றது.

இன்றைய வைத்தியர்களின் கணக்கு இது. மூக்கு வளர்ந்து முடியும் முன் அழகுக்காகக் கத்தி வைப்பதில்லை. பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதும், ஆண்களுக்கு அதற்கு ஓரிரு ஆண்டுகள் மேலும் செல்ல வேண்டும். புகைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். மேலே வைத்த கட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அகலும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரங்களில் மறையும். மூக்குக்கண்ணாடியைப் பல வாரங்களுக்கு மூக்கில் ஏற்றக்கூடாது. ஆனால் மூக்கின் நுனியில் உள்ள வீக்கம் முழுதும் வடிய ஓராண்டாகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். எனவேதான் முதற் சிகிச்சையில் திருப்தி இல்லையென்றாலும், ஓராண்டேனும் கழியாமல் மறுபடி கத்தி வைக்க நல்ல வைத்தியர்கள் இணங்குவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு, ஆறு வாரம் இருக்கையில் மூக்கைத் திருத்த ஓடும் மணப்பெண், படங்களிலெல்லாம் வீங்கிய மூக்கோடுதான் நிற்பாள். ஐயரிடம் முகூர்த்தம் கேட்பதற்கு முன் வைத்தியரிடம் கேட்டிருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத தருணங்களும் உண்டு. அடிபட்டு உடைந்த மூக்கெலும்பை இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்தாவிட்டால் அது கோணலாகவே இறுகிவிடும். அடிபட்ட மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருந்தால் அதை உடனே வெளியேற்ற வேண்டும். தவறினால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத் தண்டு குதிரைச் சேணம் போல உட்கார்ந்துவிடும். சுசுருதர் வைத்த விலக்கு இங்கே அப்படியே பொருந்துகின்றது.

நாள் குறிப்பதைப் பெரும் வியாபாரமாக்கிய நாடு தென்கொரியா. அங்கு பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நடைபெறுகின்றது. பரீட்சை முடிந்த மாணவருக்குச் சலுகைக் கட்டணம் என்று சோல் நகரின் அழகுச் சிகிச்சை நிலையங்கள் விளம்பரம் செய்வதும், பெற்றோரே பரிசாக அதற்குப் பணம் கட்டுவதும் பலமுறை செய்தியாகியுள்ளன. பல்கலைக்கழகங்களின் புதிய கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். இடையிலுள்ள குளிர்கால விடுமுறைக்குள் கன்றல் மறைந்துவிடும். நுனியின் வீக்கமோ, அடுத்த தொகுதி மாணவர்கள் நவம்பரில் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போதும் முற்றாக வடிந்திருக்காது.