ஸ்டியரிங்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள்

மிஸ்டர் பீன் தொடரைப் பார்க்காத பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவு. அந்த மனிதர் தன் பச்சை நிற மினி காரை நிறுத்தியதும் என்ன செய்வார்? ஸ்டியரிங் வீலைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்வார். கார் கதவில் வெளிப்பக்கம் ஒரு பூட்டும் தொங்கும். நாமும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்திருப்போம். ஆனால் அது வெறும் கோமாளித்தனம் இல்லை நண்பர்களே. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கார்கள் புதிதாக வந்த காலத்தில் பல வண்டிகளுக்குக் கதவே கிடையாது. சாவியும் கிடையாது. முன்பக்கக் கம்பியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பத் தெரிந்த யாரும் ஏறி ஓட்டிப் போகலாம். கதவில்லாத வண்டியில் பூட்டை எங்கே மாட்டுவது? அதனால் ஆரம்பத்திலேயே சிலருக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியைப் பூட்ட முடியாவிட்டால், வண்டியின் ஓர் உறுப்பை நாமே எடுத்துக்கொண்டு போய்விடலாமே! அமெரிக்காவில் 1900-ல் வந்த லீச் என்ற கார், கழற்றி எடுக்கக்கூடிய ஸ்டியரிங்குடன் வந்தது. மிஸ்டர் பீனுக்கு 90 வருடம் முன்பே!

பிறகு ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் திருடனுக்கு நல்ல வசதி. 1919-ல் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரோடு வந்த மாடல் டி கார்களுக்குச் சாவி உண்டு. ஆனால் வகைகள் மொத்தம் 24 தான், 51 முதல் 74 வரை எண் போட்டவை. எந்த எண் சாவி வேண்டும் என்பது சுவிட்சின் முகப்பிலேயே பொறித்திருக்கும். 24 சாவிகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருப்பவனுக்கு அந்த ஊரின் எல்லா மாடல் டி காரும் சொந்தம்!

அடுத்து 1940, இங்கிலாந்து. பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. அடுத்தது நாம்தான் என்று பிரிட்டிஷ்காரர்கள் அஞ்சினார்கள். பாராசூட்டில் இறங்கும் எதிரி வீரர்கள் தெருவில் நிற்கும் கார்களை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஆளில்லாமல் நிற்கும் எந்தக் காரும் ஓடக்கூடிய நிலையில் இருக்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கதவைப் பூட்டி, சாவியை எடுத்தால் மட்டும் போதாது. பலரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் என்ற சின்னத் துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது, இன்ஜின் கிளம்பாது. உத்தரவை மீறி நிற்கும் வண்டியைப் போலீஸே ஓடாமல் செய்துவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த உத்தரவு எல்லாக் கார்களுக்கும் பொது. ஒரு தெருவில் ஒரே ஒரு கார் ஓடும் நிலையில் இருந்தாலும் எதிரிக்கு அது போதுமே!

இந்தப் பாடம் அடுத்த இருபது, முப்பது வருடங்களில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கழற்றி எடுத்துப் போவதற்குப் பதிலாக, ஸ்டியரிங்கை அசையாமல் பூட்டும் முறை வந்தது. நம் ஸ்கூட்டரில் ஹேண்டில் லாக் போடுகிறோமே, அதே தத்துவம்தான். சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் ஒரு தாழ் விழுந்துவிடும். இன்ஜினைக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

மேற்கு ஜெர்மனி 1963-ல், புதுசு பழசு என்று பார்க்காமல் எல்லாக் கார்களுக்கும் இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. திருட்டு கணிசமாகக் குறைந்தது. பிரிட்டன் 1971-ல் புதுக் கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது. என்ன ஆயிற்று? லண்டன் போலீஸ் எல்லைக்குள் திருடுபோன கார்களில் புதுக் கார்களின் பங்கு 1969-ல் நூற்றுக்குச் சுமார் 21. 1973-ல் அது சுமார் 5 ஆக இறங்கிவிட்டது. ஆகா, பலே என்று தோன்றும். ஆனால் மொத்தத் திருட்டு குறையவில்லை! திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய கார் யாரிடம் இருக்கும்? புதுசு வாங்க வசதியில்லாதவரிடம். பணக்காரர் வாசலில் குறைந்த திருட்டு, கூலிக்காரர் வாசலில் கூடிவிட்டது. ஒரே பூட்டு, இரண்டு நாடு, இரண்டு விளைவு. பூட்டில் குறையில்லை. அதை யாருக்குக் கொடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

1986-ல் ஜேம்ஸ் வின்னர் என்ற அமெரிக்கர் 'தி கிளப்' என்ற இரும்புத் தண்டை விற்க ஆரம்பித்தார். ஸ்டியரிங் வட்டத்தில் குறுக்கே மாட்டிப் பூட்டுவது. கொரியப் போரில் படைவீரராக இருந்தபோது ஜீப்பின் ஸ்டியரிங்கைச் சங்கிலி போட்டுக் கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. அதோடு அவருடைய காடிலாக் காரும் திருடுபோயிருந்தது. அப்படிப் பிறந்த பொருள் அமோகமாக விற்றது. திருடர்களும் சும்மா இருக்கவில்லை. இரும்புத் தண்டு கெட்டி, ஆனால் ஸ்டியரிங் வட்டம் மெலிசுதானே? ரம்பத்தால் வட்டத்தை அறுத்துவிட்டுத் தண்டை உருவிப் போட்டார்கள்.

அப்படியானால் வட்டத்தையே எடுத்துக்கொண்டு போனால் என்ன? பந்தயக் கார்களில் இது சாதாரணம். ஓட்டுநர் உட்காரும் குழி மிகக் குறுகல், ஸ்டியரிங்கைக் கழற்றாமல் ஏறவும் இறங்கவும் முடியாது. பின்னால் உள்ள வளையத்தை இழுத்தால் கழன்று வரும், பற்களைப் பொருத்தி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இதே சாதனத்தைச் சொந்தக் காரில் பொருத்திக்கொள்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் இன்றைய காரில் ஓட்டுநருக்கான ஏர்பேக் ஸ்டியரிங்கின் நடுவில்தான் இருக்கிறது. இந்தச் சாதனத்தை மாட்டினால் பெரும்பாலும் ஏர்பேக்கை இழக்க வேண்டும். திருடனிடமிருந்து காரைக் காப்பாற்ற, விபத்தில் நம்மைக் காப்பாற்றும் பொருளை விட்டுக்கொடுப்பதா? நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது. யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

இதற்கு விடையாக வந்தது இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு சில்லு இருக்கும். அதன் ரகசிய எண்ணைக் காரின் கணினி ஏற்றுக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும். நாம் தனியாக எதையும் கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம். மறதிக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கனடா 2007-ல். அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை.

அதன் விலையை அவர்கள் சமீபத்தில் கொடுத்தார்கள். அமெரிக்காவில் விற்ற கியா, ஹூண்டாய் கார்களில் விலை குறைந்த பல மாடல்களுக்கு இம்மொபிலைசர் கிடையாது. 2021-ல் மில்வாக்கி நகரத்துச் சிறுவர்கள் அவற்றைச் சுலபமாகக் கிளப்பக் கற்றுக்கொண்டார்கள். வீடியோக்கள் பரவி நாடு முழுக்கப் பிள்ளைகள் அதை விளையாட்டாகச் செய்தார்கள். 2022 அக்டோபரில் பஃபலோ நகரில், திருடப்பட்ட ஒரு கியா விபத்துக்குள்ளாகி அதில் இருந்த பதின்ம வயதினர் 4 பேர் இறந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள். இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

கனடாவில் அதே கம்பெனிகளின் கார்களுக்கு இந்தக் கதி வரவில்லை, அங்கே சட்டம் இருந்தது. அமெரிக்காவில் கம்பெனிகள் 2023-ல் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தன. அதோடு போலீஸ் நிலையங்கள் வழியாக இலவசமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டும் பழைய இரும்புப் பூட்டு! கணினி யுகத்திலும் கடைசியில் ஸ்டியரிங்கிடமே வந்து நின்றார்கள்.

என் வண்டிக்கு மட்டும் நான் பூட்டுப் போட்டால் திருடன் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்ப்பான். பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். ஆனால் திருட்டு குறைய வேண்டும் என்றால் விலை குறைந்த வண்டிக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அதை வாங்குபவரின் வசதிக்கு விட்டுவிடக் கூடாது, சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியும் கனடாவும் செய்தது அதைத்தான்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருந்த நண்பர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எதைக் கழற்றி வைத்தீர்கள்? ரோட்டாரா, பேட்டரி வயரா? பின்னூட்டத்தில் எழுதுங்கள். பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.