சிறுத்தைப் பல்லியின் வீடு: ஒரு குட்டி வரலாறு

பல்லி என்றாலே சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடும் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் லெபர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியால் அப்படி ஓட முடியாது. அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது; தரையில்தான் நடக்கும். வீட்டுப் பல்லிக்கு இல்லாத இன்னொன்று இதற்கு உண்டு: கண் இமை! தூங்கும்போது நம்மைப் போலவே கண்ணை மூடிக்கொள்ளும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் செல்லமாக வளர்க்கிறார்கள். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கற்கும் முதல் பாடம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த விதியை மனிதர்கள் கண்டுபிடிக்க நீண்ட காலம் ஆனது.

இந்தப் பல்லிக்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டது 1854ல். வைத்தவர் எட்வர்ட் பிளைத், கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர். அவர் விவரித்த பல்லி பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்தது. அந்த மலைத்தொடர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பாறையும் இறுகிய மண்ணும் நிறைந்த வறண்ட பூமி அது. பகல் முழுக்கப் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்ததும் இரை தேடக் கிளம்புவது இந்தப் பல்லியின் வழக்கம். ஆனால் பிளைத் காலத்து அறிஞர்களுக்கு அது பெரும்பாலும் புட்டியில் பதப்படுத்தி வைக்கும் மாதிரி மட்டுமே. உயிரோடு வைத்து வளர்ப்பது வேறு வித்தை.

அந்த வித்தையைப் பழக ஓர் இடம் லண்டனில் இருந்தது. லண்டன் மிருகக்காட்சிசாலை 1849லேயே ஊர்வனவற்றுக்கென்று ஒரு தனி இல்லத்தைத் திறந்துவிட்டது. ஆனால் பாம்பும் பல்லியும் நம்மைப் போல உடம்புக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாதவை. குளிர் தேசத்தில் அவற்றை எப்படி வைத்துக் காப்பது? கூடம் முழுவதையும் சூடேற்றினால் போதுமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் எல்லா மூலையிலும் ஒரே சூடுதான் இருக்கும். சூடு அதிகமாகிவிட்டால் பிராணி எங்கே போய் ஒதுங்கும்?

இங்குதான் ஜோன் பீச்சம் ப்ராக்டர் வருகிறார். பள்ளி நாட்களிலேயே ஒரு குட்டி முதலையை வளர்த்தவர்! சிறு வயது முதலே தீராத நோயால் அவதிப்பட்டவர். 1923ல், இளம் வயதிலேயே, அந்த மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927ல் திறக்கப்பட்டது. அதில் இடத்துக்கு இடம் சூடு மாறும்படி மின்சார வசதி செய்திருந்தார். சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் விசேஷக் கண்ணாடியையும் பயன்படுத்தினார். அங்கே வந்து சேர்ந்த கொமோடோ டிராகன்களில் ஒன்று அவர் கூடவே நடந்து போகும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் 1931ல், 34 வயதிலேயே, ப்ராக்டர் இறந்துவிட்டார்.

இதன் அறிவியல் அடிப்படை விரிவாக வெளிவந்தது 1944ல். ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்தார்கள். அவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்தே தம் உடல் வெப்பத்தைச் சரியான அளவில் வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். நகர இடமில்லாமல் கடும் வெயிலில் மாட்டிக்கொண்டால் பாலைவனப் பிராணியும் சீக்கிரமே செத்துவிடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சிறுத்தைப் பல்லிக்கு உடனே விடிவு வந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை வீடுகளில் வளர்க்கும் மோகம் பரவியது. பாலைவனப் பிராணி என்று நினைத்துப் பலர் பெட்டி நிறைய மணலைக் கொட்டினார்கள். அதை விழுங்கிக் குடல் அடைத்துப்போன பல்லிகள் உண்டு. வியாபாரத்துக்காக வளர்த்தவர்களோ பிளாஸ்டிக் இழுப்பறைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்லியை வைத்தார்கள். செலவு குறைவு, பல்லியும் முட்டையிட்டது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முட்டையிடுகிறது என்பதாலேயே அது சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

இப்போது அனுபவசாலிகள் சொல்லும் பெட்டி வேறு மாதிரி. நீளம் 90 சென்டிமீட்டராவது வேண்டும். வெப்பமான மூலையில் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், மறுகோடியில் 25 டிகிரி அளவு. சூடு எல்லை மீறாமலிருக்க ஒரு தெர்மோஸ்டாட். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோலுரிக்க வசதியாக ஈரப் பாசி வைத்தது ஒன்று என மூன்று பதுங்குமிடங்கள். தரைக்கு இறுகிய மண்ணும் தட்டைக் கற்களும். இரவுப் பிராணிக்குப் புற ஊதா விளக்கு தேவையில்லை என்றுதான் முன்பு சொல்லி வந்தார்கள். ஆனால் அந்த ஒளி கிடைத்த சிறுத்தைப் பல்லிகளின் உடலில் வைட்டமின் டி அளவு கூடியதாக 2018ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1927ல் ப்ராக்டர் தேடிய அதே ஒளிதான்!

இவை எல்லாமே பல்லிக்குப் போக்கிடம் தருகிற ஏற்பாடுகள். சூடு வேண்டுமென்றால் கல்லின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும், போதும் என்றால் இறங்கி மறுபக்கம் போய்விடும். உப்பு மலைத்தொடரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதன் முன்னோர் செய்த காரியம் அது. பெட்டிக்குள்ளும் அதைச் செய்ய வழிவிட வேண்டும் என்று புரிந்துகொள்ள மனிதர்களுக்குத்தான் இத்தனை வருடங்கள் தேவைப்பட்டன.