இரண்டு சீட்டு, இரண்டு பெட்டி

விடுதலைக்கு முன் வரி செலுத்தியோரும் எழுத்தறிந்தோருமே பெரும்பாலும் வாக்காளர். வானம் பார்த்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கூலிக்குக் களையெடுத்த நம் மூதாட்டியருள் மிகப் பலர் வாக்குச் சீட்டைக் கையால் தொட்டது 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான். வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப் பெட்டி. சின்னம் பார்த்துச் சீட்டை இடவேண்டும். அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் முத்துராமலிங்கத் தேவர் வென்றார். முதுகுளத்தூர்ச் சட்டமன்ற இடத்தை வைத்துக்கொண்டு இதனைத் துறந்தார்.

நம் இளைஞர் ஊன்றி அறியவேண்டியது அந்நாளைய இரட்டை உறுப்பினர் தொகுதியையே. பொது இடம் ஒன்று, ஒதுக்கீட்டு இடம் ஒன்று. வாக்காளர்க்குச் சீட்டும் இரண்டு. இரண்டையும் ஒருவர்க்கே இட்டால் ஒன்று செல்லாது. எளிய மக்களிடம் இக்கணக்கை விளக்கியவர் எத்தனை பேர்? வட பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பெற்றவை 1,23,576 வாக்குகள். காங்கிரசின் கஜ்ரோல்கர் பெற்றவை 1,38,137. வேறுபாடு 14,561. வீணான சீட்டுகளோ அதனினும் பன்மடங்கு! அண்ணல் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. பூனா உடன்படிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை இழந்ததற்கு நாம் கொடுத்த விலை இதுவென்றே கருதுகிறேன்.

1957இல் நமக்கு மேற்கேயுள்ள திருவில்லிபுத்தூர் இரட்டைத் தொகுதியில் தேவரும், காங்கிரசின் ஆர். எஸ். ஆறுமுகமும் ஒருங்கே உறுப்பினராயினர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை அகற்றியது. அதன்பின் ஒதுக்கீட்டுத் தொகுதிகள் தனித் தொகுதிகளாயின.