குதிரைவழிச் சிகிச்சையில் எடைச்சட்டை

எடைச்சட்டை என்பது சிறு எடைகளைப் பைகளில் இட்டுத் தைக்கப்பட்ட, கையில்லாத மேற்சட்டை ஆகும். மதியிறுக்கம், பெருமூளை வாதம் முதலிய நிலைகளை உடைய சிறுவர்களுக்குத் தொழில்சார் சிகிச்சையாளர்கள் இதனை அணிவிப்பதுண்டு. குதிரையின் நடையையே சிகிச்சைக் கருவியாகக் கொள்ளும் குதிரைவழிச் சிகிச்சையிலும் இது சில இடங்களில் பயன்படுத்தப்படுகிறது. அணிபவரை அமைதிப்படுத்தி, நிமிர்ந்து அமர உதவும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் இப்பயன் ஆய்வுகளால் உறுதிப்படுத்தப்படவில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இல்லாத சில இடர்களும் குதிரைமேல் இருப்பவருக்கு உண்டு. சவாரியில் விழுவோரின் மார்பையும் முதுகையும் காக்க அணியப்படும் காப்புச்சட்டை வேறு. அதனை எடைச்சட்டையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பின்னணி

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944 இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்த நிலையில் 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இலும் அதனையே வென்றார். இவ்வெற்றி மாற்றுத்திறனாளிகளின் சவாரிக்குப் பெரும் தூண்டுகோலாயிற்று. 1969 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தேசிய அளவிலான அமைப்புகள் உருவாயின.

எடைச்சட்டையின் வழி வேறு. அமெரிக்கத் தொழில்சார் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ் 1972 இல் நூலாக வெளியிட்ட புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடே இதற்கு அடிப்படை. தசைகளிலும் மூட்டுகளிலும் படும் அழுத்தம், தன் உடல் எங்கு எந்நிலையில் உள்ளது என்னும் உணர்வைக் கூட்டும் என்பது அதன் ஒரு கூறு. மதியிறுக்கம் கொண்ட அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அணைத்து நிறுத்தும் சட்டகத்தைக் கண்டு, தமக்கென ஓர் அழுத்துப் பொறி அமைத்துக்கொண்டார். ஆழ்ந்த அழுத்தம் அமைதி தரும் என்னும் கருத்து பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

குதிரை நடையும் சட்டையும்

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேல்கீழாகவும் அசைகிறது. இவ்வசைவு, மனிதர் நடக்கையில் இடுப்பெலும்பு அசைவதை ஒத்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் என்னும் கணக்கில், அரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூவாயிரம் முறை சவாரி செய்பவரின் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியுள்ளது. உடல்நிலை உணர்வுக்கான தூண்டல் இந்நடையிலேயே நிறைந்துள்ளது. அதற்குமேல் சட்டையின் எடை என்ன சேர்க்கிறது என்பதே சிகிச்சையாளர் முதலில் கேட்கத் தக்க கேள்வி.

பொதுவாக உடல் எடையில் 5 விழுக்காடு அளவுக்கு எடை இடப்படுகிறது. 10 விழுக்காடு வரை இடுவோரும் உண்டு. 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இது முறையே ஒன்றேகால் கிலோவும் இரண்டரைக் கிலோவும் ஆகும். தரையில் இது சிறிய எடை. குதிரைமேலோ, தோளில் ஏறும் எடை உடலின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. உடல் ஒருபுறம் சாயத் தொடங்கினால், மீட்டு நிமிர்வதற்குக் கூடுதல் வலிமை வேண்டும். தலையை நிறுத்த இயலாத, முதுகுத் தசைகள் தளர்ந்த சிறுவர்களிடம் அவ்வலிமை இருப்பதில்லை. தலைக்கவசத்தின் எடையும் உடன் உள்ளது. குதிரைப் பந்தயத்தில் எடையைச் சரிசெய்ய ஈயத்தைச் சவாரியாளரின் உடலில் கட்டாமல் சேணத்தோடு சேர்த்து வைக்கும் வழக்கம் இங்கு நினைவுகூரத் தக்கது.

சான்றுகள்

எடைச்சட்டை பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஸ்டீபன்சன், கார்ட்டர் ஆகியோர் 2009 இல் தொகுத்து ஆராய்ந்தனர். ஏழு ஆய்வுகளே அவர்களுக்குக் கிடைத்தன. பலவற்றில் பங்கேற்ற சிறுவர்கள் மிகச் சிலர். சட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அவர்களது முடிவு. அவ்வாய்வுகளும் வகுப்பறை போன்ற இடங்களில் நடந்தவை. அவற்றின் முடிவைக் குதிரைமேல் அப்படியே பொருத்த இயலாது. எனவே அணிவிக்க விரும்பும் சிகிச்சையாளர், சட்டையுடன் சில அமர்வுகளும் சட்டையின்றிச் சில அமர்வுகளும் நடத்தி, நிமிர்ந்து அமர்ந்த நேரத்தைக் குறித்து ஒப்பிடுவது முறையாகும்.

குதிரையின் சுமை

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எட்டுக் குதிரைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், குதிரையின் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு சுமைகள் ஏற்றிப் பார்க்கப்பட்டன. 25 விழுக்காட்டிலும் அதற்கு மேலும் இதயத் துடிப்பும் தசைவலியும் கூடின. 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்னும் வரம்புக்கு இது துணைநிற்கிறது. இதன்படி 300 கிலோ எடையுள்ள குதிரை 60 கிலோ வரை சுமக்கலாம். சேணமும் சட்டையும் அக்கணக்கில் அடங்கும். சிறுவரைப் பொறுத்தவரை இது சிக்கலன்று. வளர்ந்தவர் சவாரி செய்யும்போதும், சிறுவரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால் ஏறி அமரும்போதும் வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

கடலோர வெப்பம்

தமிழகக் கடற்கரையில் இச்சட்டைக்கு எதிரான முதன்மைக் காரணம் வெப்பமே. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் கழுவெளியை அடுத்த உப்பளங்கள் கோடை வெயிலையும் காற்றையும் நம்பியே இயங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுவிடும். உப்பு நன்கு விளையும் அம்மாதங்களே தடித்த சட்டை அணிய மிகவும் ஒவ்வாதவை. கடலோர ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால், மார்பையும் முதுகையும் மூடும் சட்டையினுள் உடல் விரைவில் சூடேறும். குதிரையும் வியர்த்தே தன் உடலைக் குளிர்விக்கிறது.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் டோபிராமேட், சோனிசமைடு ஆகிய மருந்துகள் சிலரிடம் வியர்வையைக் குறைக்கின்றன. மதியிறுக்கமோ பெருமூளை வாதமோ உடைய சிறுவர் பலருக்கு வலிப்பும் உண்டு. பேச இயலாத சிறுவர் தமக்குப் புழுங்குகிறது என்று சொல்லவும் மாட்டார். ஆகவே மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் சட்டை அணிவிப்பது ஆபத்தானது. கோடையில் அமர்வுகளை விடியற்காலையில் நிழலில் வைப்பதும், அக்கினி நட்சத்திர நாட்களில் சட்டையை முற்றிலும் விலக்குவதும் நன்று. உப்பளத்து வரப்புகள் சவாரிக்கு ஏற்றவை அல்ல: குதிரை, அதனை நடத்திச் செல்பவர், இருபுறமும் சிறுவரைத் தாங்கி வருவோர் இருவர் ஆகியோர் சேர்ந்து செல்ல அவற்றில் இடமிராது.

தவிர்க்க வேண்டியவர்கள்

டவுண் கூட்டறிகுறி உடையவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவச் சோதனையின்றி இவர்களைக் குதிரையிலேயே ஏற்றலாகாது. முதுகெலும்பு வளைவு, மூச்சுக் கோளாறு, இதய நோய் உடையோருக்கும் எடைச்சட்டை ஏற்றதன்று. அணிந்தவர் முகம் சிவந்தாலோ, சோர்ந்தாலோ, சட்டையைப் பிடித்து இழுத்தாலோ குதிரையை நிறுத்தி உடனே கழற்ற வேண்டும். இதற்கெனத் தலைவழியாக மாட்டும் சட்டையைவிட, முன்புறம் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தது ஏற்றது. தலைக்கவசத்தை அகற்றாமலே அதனைக் கழற்றலாம்.