வீரரும் கொடியரும்: மதுரைவீரன் கதை காட்டும் சமூக அச்சம்

ஒரு சமூகம் யாரை வீரன் என்று போற்றுகின்றது, யாரைக் கொடியன் என்று தூற்றுகின்றது என்பதை ஆராய்ந்து பார்த்தால், அச்சமூகத்தின் உள்ளத்தில் ஒளிந்து கிடக்கும் அச்சம் இன்னதென்பது வெளிப்பட்டுவிடும். அரசர் பட்டயங்களும் சர்க்கார் தஸ்தாவேஜுகளும் ஆள்வோர் கூற விரும்பியதைக் கூறும். கதைப்பாட்டோ, ஆளப்பட்டோர் வெளிப்படச் சொல்லவும் அஞ்சி, சொல்லாதிருக்கவும் மாட்டாது, மறைத்துச் சொன்னதைக் கூறும். ஆகவே, கதையையும் ஒரு சரித்திரச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.

மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் கையில் பொருளில்லை, ஏடுமில்லை. ஆனால், அவர்கள் மதுரைவீரனையும் முனியாண்டியையும் மாரியம்மையையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். ரப்பர்த் தோட்டமாயினும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமாயினும், லயங்கள் எழுந்த இடத்தில் எல்லைத் தெய்வமும் எழுந்தது. சுருட்டும் சாராயமும் படைத்து, ஆடும் கோழியும் பலியிட்டு, மக்கள் அவ்வீரனை வணங்கினர். அவன் யார்? அவனை வெட்டியவர் யார்? வணங்கும் கைகள் கேளாத இக்கேள்வியை நாம் கேட்போம்.

கதை யாவரும் அறிந்ததே. காசி மன்னனுக்குப் பிறந்த குழந்தையால் நாட்டுக்குக் கேடு என்று சோதிடர் கூற, குழந்தை காட்டில் விடப்படுகின்றது. சக்கிலியர் குலத்துத் தம்பதிகள் அதை எடுத்து வளர்க்கின்றனர். வளர்ந்த வீரன், காவல் காக்கச் சென்ற இடத்தில் பொம்மண நாயக்கன் மகள் பொம்மியைக் காதலித்து உடன்கொண்டு போகின்றான். பின்னர், மதுரையில் திருமலை நாயக்கரின் ஏவலால் அழகர்மலைக் கள்ளரை அடக்குகின்றான். அரண்மனை நாட்டியப் பெண் வெள்ளையம்மாள்மீது அன்பு கொள்ள, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாள்கின்றான். மாண்டபின் மதுரைக்குத் துன்பங்கள் வர, மீனாட்சியம்மன் கோயிற் கிழக்குக் கோபுர வாயிலில் அவனுக்கு இடமளித்து வணங்குகின்றனர். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர்.

இக்கதையில் அரசகுலப் பிறப்பு எதற்கு? காட்டில் கிடந்த குழந்தை என்பதை நீக்கிவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். சக்கிலியர் வீட்டு இளைஞன் ஒருவன், தன் ஆற்றலால் படைத்தலைவனாகி, மேற்குலத்துப் பெண்ணை அவள் விருப்பத்தோடு மணந்து, அதற்காக வெட்டுண்டு மாண்டான் என்பதே மிஞ்சும். கதை ஒரு குறையுமின்றி நடக்கும். அங்ஙனமாயின், காசி மன்னன் எதற்காக இடையே நுழைந்தான்? தாழ்த்தப்பட்டோன் ஒருவன் வீரனாயிருக்கக் கூடும் என்னும் உண்மையைச் சிலருடைய செவி தாங்காது. அதனைத் தாங்குமாறு செய்யவே காசி மன்னன் வருகின்றான்.

இஃது இவ்வொரு கதையின் செய்தி மட்டுமன்று. காத்தவராயன் ஆரியமாலை என்னும் பார்ப்பனப் பெண்ணைக் காதலித்துக் கழுமரம் ஏறியவன். அவனைச் சாபத்தால் பிறந்த தெய்வ மகன் என்றனர். பாபநாசப் பக்கத்து முத்துப்பட்டன் கதை வேறு விதம். பார்ப்பனனாகிய அவன், வாலப்பகடையின் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, குலத்தை உதறி, ஆநிரை கவர்ந்த கள்வரோடு பொருது மாண்டவன். அங்கே மணமகனின் பிறப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே மணப்பெண்களின் பிறப்பை மாற்றினர். அவர்கள் பார்ப்பனப் பெண்களே என்றும், பகடை எடுத்து வளர்த்தான் என்றும் பிற்காலத்தார் சேர்த்ததைப் பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கின்றார். ஆண் எக்குலம், பெண் எக்குலம் என்பது கதைக்குக் கதை மாறும். கலப்பைக் கண்ட அச்சம் மட்டும் மாறவில்லை.

மேல்நாட்டுக் கதையொன்றை இதனோடு ஒப்பிடுவோம். 1938-இல் அமெரிக்காவில் சூப்பர்மேன் என்னும் சித்திரக்கதை வீரன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அழியும் உலகத்திலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை, அயல்நாட்டில் எளிய மக்களிடம் வளர்ந்து, அந்நாட்டின் காவலனாகின்றது. பொருளாதார மந்தத்தால் மக்கள் வேலையிழந்து வாடிய காலம் அது. எனவே அவனுடைய முதற் பகைவர் வேற்றுலகத்து அரக்கரல்லர். அவ்வாண்டே வெளிவந்த மூன்றாம் கதையில், சுரங்கத்தில் காப்பு ஏற்பாடுகளைச் செப்பனிடாது விட்ட முதலாளியை அச்சுரங்கத்துள்ளேயே அகப்படச் செய்து அவன் புத்தி புகட்டுகின்றான். அங்கும் கண்டெடுத்த குழந்தை. இங்கும் கண்டெடுத்த குழந்தை. அகதிக் குழந்தையும் நாட்டைக் காக்கும் என்பது அங்குள்ள ஆசை. ஏழை வீட்டுக் குழந்தை அரசன் மகனாயிருந்தாலன்றி வீரனாகாது என்பது இங்குள்ள தடை. 1956-இல் எம். ஜி. ஆர். நடித்து வெளிவந்த மதுரைவீரன் படத்திலும் வீரன் அரசன் மகனே.

இனிக் கொடியரைப் பற்றிப் பார்ப்போம். மதுரைவீரன் கதையில் கொடியர் எனப்படுவோர் அழகர்மலைக் கள்ளரே. கை கால் வாங்கச் சொன்ன அரசனைக் கதை கொடியன் என்று கூறுவதில்லை. விதியென்றும் தவறான தீர்ப்பென்றும் நழுவிவிடுகின்றது. வலியோனைக் கொடியன் என்று சொல்ல நா எழாதபோது, அப்பட்டம் எளியோன் தலையில் விழும். கதையில் நடந்த இது சட்டத்திலும் நடந்தது. 1871-இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு குலத்தில் பிறந்ததையே குற்றமாக்கியது. 1911-க்குப்பின் அச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்து, மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டனர். ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் நீங்கியது. பிறப்பால் வீரனில்லை என்று சொல்லும் அதே நாவே, பிறப்பால் கள்வன் உண்டு என்றும் சொல்லிற்று!

நம் மலாய்ச் சகோதரரின் கதையும் இதற்குத் துணை நிற்கும். ஹாங் துவா சுல்தானுக்கு அடங்கிய வீரன். அவன்மீது அநியாயமாக மரணதண்டனை விதிக்கப்பட்டதென்று சுல்தானை எதிர்த்தவன் அவனுடைய தோழன் ஹாங் ஜெபாட். மறைத்து வைக்கப்பட்டிருந்த துவாவே திரும்பி வந்து ஜெபாட்டைக் கொன்றான். நெடுங்காலம் ஜெபாட் துரோகியென்றே பேசப்பட்டான். 1956-இல் ஹாங் துவா என்னும் படம் வந்தது. 1961-இல் ஹாங் ஜெபாட் என்றே ஒரு படம் வந்தது. இடையில் நாடு 1957-இல் விடுதலை பெற்றதை நினைத்துப் பார்த்தால், நேற்றைய துரோகி எதனால் வீரனானான் என்பது விளங்கும். நம்மவருள்ளும் புலவர் குழந்தை 1946-இல் இராவணனைத் தலைவனாக்கிக் காவியம் பாடினார். அந்நூலுக்கு 1948-இல் தடை விழுந்தது, 1971-இல்தான் நீங்கியது. கதையில் வரும் கொடியனை வீரனாக்குவதற்கே ஓர் அரசு அஞ்சிற்று என்றால், கதை வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தோட்டத்து வாழ்வுக்கு வருவோம். காவல் தெய்வம் எல்லையில் நின்றது. புலியும் காய்ச்சலும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தன, உண்மையே. ஆனால், அரைவயிற்றுக் கூலியும் கள்ளுக்கடையும் எல்லைக்கு உள்ளேயே இருந்தன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை யாவை? கூலி உயர்வு, கள்ளுக்கடை நீக்கம், பெண்மக்கள் மானத்திற்குத் தோட்டத்து உத்தியோகஸ்தரால் கேடு வாராமை, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவுக்கு முடிவு. இவற்றுள் எதையும் எல்லையில் நிற்கும் தெய்வம் தடுத்ததில்லை. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. அம்மக்களுக்கு அரசகுலப் பிறப்பை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆகவேதானோ அவர்களைப் பற்றிக் கதைப்பாட்டும் எழவில்லை!

இப்போது நம் அச்சம் எங்கே நிற்கின்றது? திரிங்காப்பைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்று வேலை செய்வோர் பெரும்பாலும் வங்கதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். ஒரு காலத்தில் செக்ரோல் நிறைய இருந்த முனியன், வீராயி என்னும் பெயர்கள் அருகிவிட்டன. எங்கேனும் ஒரு மோட்டார் சைக்கிள் களவு போனால், விசாரணை தொடங்கும் முன்னரே நம் வாயில் யார் பெயர் வருகின்றது? கூட்டமாய் வருகிறார்கள், பாஷை புரியவில்லை, நம் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று கடைத்தெருவில் பேசுகின்றோம். கப்பலிலிருந்து இறங்கிய நம் பாட்டன்மாரைப் பற்றியும் பிறர் இவ்வாறே பேசினர். அவர்கள் மீது விழுந்த பட்டத்தைக் கழற்றி, இன்று வந்தவன் தலையில் நாம் சூட்டுவது நியாயமாகுமா?

ஆதலின், அன்பர்களே! பிள்ளைகளுக்கு மதுரைவீரன் கதையைச் சொல்லுங்கள், விடவேண்டா. ஆனால், அவன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்து வீரனானான் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அவனை வெட்டியது விதியன்று, ஒரு தீர்ப்பு என்றும், அத்தீர்ப்பை அளித்தவர் மனிதர் என்றும் சொல்லுங்கள். எந்தக் கதையில் எவனைக் கொடியன் என்றாலும், அவன் செய்தது யாது, அதைச் சொல்பவர் யார், அப்படிச் சொல்வதால் பயன் அடைபவர் யார் என்று அவர்களைக் கேட்கப் பழக்குங்கள். கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு தோட்டத்து ஆபீசில் அமர்ந்து பெயர் எழுதும்போது, எந்த மனிதனையும் பிறப்பைக் கொண்டு எழுதாது.