கிணறு வெட்டத் தெய்வம் வந்தது

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது நம்மவர் பழமொழி. ஒன்றை நாடிப் போக, நாடாத தொல்லை வந்து சேர்வதை அது சொல்கிறது. நாடாத நன்மை வந்து சேர்ந்தால்? ஆங்கிலத்தில் அதற்கொரு பெயரடை உண்டு: ‘செரண்டிபிட்டஸ்’. அச்சொல்லுக்குள் இருப்பது நமது தீவின் பெயர் என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

அரபியரும் பாரசீகரும் இலங்கையைச் ‘செரண்டிப்’ என்றனர். சிங்களத்துவீபம் என்னும் வடமொழிப் பெயரின் திரிபு அது என்பர் அறிஞர். சேரன் தீவு என்பாரும் உளர். செரண்டிப்பின் மூன்று இளவரசர் பற்றிய கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. வழியோரத்தில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கக் கண்ட இளவரசர்கள், அவ்வழியே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என்று சொல்லிவிடுகிறார்கள். இக்கதையை நினைத்தே ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், 1754 ஜனவரி 28ஆம் திகதி நண்பர் ஹொரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் ‘செரண்டிபிட்டி’ என்ற பெயர்ச்சொல்லைப் படைத்தார். பெயரடை வழக்குக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்.

பலர் இதனை ‘அதிர்ஷ்டவசமான’ என்ற பொருளிலே கையாளுகின்றனர். அது பாதிப் பொருளே. தற்செயலோடு கூரிய அறிவும் சேரவேண்டும் என்பது வால்போலின் கருத்து. லொத்தர்ச் சீட்டில் பணம் விழுவது வெறும் அதிர்ஷ்டம். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங், பூஞ்சணம் பிடித்த தட்டை வீசிவிடாமல், பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்ததைக் கவனித்துப் பெனிசிலினைக் கண்டாரே, அதுவே செரண்டிபிட்டஸ்.

இச்சொல்லுக்குத் திருகோணமலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் துறைமுகக் கோட்டையைக் கட்டினர். திருவுருவங்கள் சிலவற்றை அடியார்கள் முன்கூட்டியே மண்ணில் மறைத்தனர் என்பது ஊர் மரபு. 1950இல், கோயிலிலிருந்து சுமார் 500 யார் தூரத்தில், நகரசபையினர் கிணறு தோண்டினர். வெளிப்பட்டவை சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய உலோகத் திருவுருவங்கள்.

தோண்டியவர் தேடியது தண்ணீரை. கிடைத்ததைப் பழைய உலோகம் என்று எண்ணியிருந்தால் அது உலைக்கே போயிருக்கும். முந்நூறு ஆண்டு கழிந்தும் ஊர் தன் கோயிலை மறக்கவில்லை. அதனால் வந்தது இன்னதென்று அறிந்தது. மீளக் கட்டப்பட்ட கோயில் 1963இல் கும்பாபிஷேகம் கண்டது.

மண் தந்தது தற்செயல். அடையாளம் கண்டது நினைவு. இரண்டும் கூடினால்தான், நம் தீவின் பெயர் தாங்கிய அந்தச் சொல்லின் முழுப் பொருள்.