அவசரம் என்ற சொல்

சட்டத்தின் மொழியை இலக்கியக்காரர்கள் படிப்பதில்லை. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேரை வெளியே நிறுத்தலாம் என்பது அங்கேதான் தெரியும். அமெரிக்காவில் குடியேற்றப் பத்திரம் இல்லாமல் வாழும் மெக்ஸிக, மத்திய அமெரிக்கத் தொழிலாளிகள் விஷயத்தில் அந்தச் சொல் 'அவசரம்'.

எல்லை தாண்டி வருபவனின் உடலைத் தொட அந்த அரசு என்றும் தயங்கியதில்லை. 1917ல் டைஃபஸ் பயத்தில், ஹுவாரெஸிலிருந்து பாலம் கடந்து எல் பாஸோவுக்கு வேலைக்கு வந்தவர்களை ஆடை களைந்து குளிக்க வைத்தார்கள். பேனுக்காகத் தலையில் மண்ணெண்ணெய். ஜனவரி 28 அன்று கார்மெலிதா தோரெஸ் என்ற 17 வயது வீட்டு வேலைக்காரப் பெண் மறுத்தாள். பாலத்தில் கலகம் மூண்டது. குளியல் நிற்கவில்லை. 1942 முதல் 1964 வரை பிராஸெரோ திட்டத்தில் ஒப்பந்தத்தோடு வந்த விவசாயக் கூலிகள்மேல் டி.டி.டி. தூவினார்கள். ஹிடால்கோவில் 1956ல் லியனார்ட் நேடல் எடுத்த புகைப்படத்தில், தூவுகிறவன் முகமூடி அணிந்திருக்கிறான்.

இந்த உடல் நோயைக் கொண்டுவரும் என்று பயந்தபோது அரசு காத்திருக்கவில்லை. அது நோயில் விழுந்தபோதுதான் காத்திருக்கச் சொல்கிறது.

1986ம் வருஷத்துச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிறவர் யாரானாலும் பரிசோதித்து அபாயம் நீக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அவசரம் என்பது நோயின் கடைசி அத்தியாயம். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிஸிஸ் செலவை மத்திய அரசு ஏற்க 1972லேயே சட்டம் வந்தது. வழக்கமாக வாரம் மூன்று தடவை. பத்திரமில்லாதவனுக்கோ, பல மாநிலங்களில், மூச்சு முட்டி, ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய பிறகுதான். அளவு போதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டென்வரிலும் ஹூஸ்டனிலும் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை, ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் முறையாகப் பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018ல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் கணக்கில் மரண அபாயம் சுமார் 14 மடங்கு.

2019ல் கொலராடோ மாநிலம் ஒன்று செய்தது: முற்றிய சிறுநீரகச் செயலிழப்பும் அவசரமே என்று வரையறுத்தது. சொல்லுக்குப் பொருள் விரிந்தது. வாரம் மூன்று தடவை கிடைத்தது. இதை நான் ஒரு விமர்சனச் செயலாகவே பார்க்கிறேன்.

எனினும் பயம் வேறு வழியில் வேலை செய்கிறது. சந்தேகத்துக்குரிய நோயாளிகளைப் பற்றி ஆஸ்பத்திரிகள் தகவல் தர வேண்டும் என்ற 187வது பிரேரணையைக் கலிபோர்னியா வாக்காளர்கள் 1994ல் ஏற்றார்கள், நீதிமன்றம் தடுத்தது. ஆஸ்பத்திரிகளில் கைது செய்வதைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்ன 2011ம் வருஷத்து உத்தரவின் வழிவந்த பாதுகாப்பு 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அவசரம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவனும் அந்த வாசல்வரை வந்தாக வேண்டுமே.